சாவுக்கு வரும் ஆண்கள் நோய்க்கும் வரட்டும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டிய குப்பங்களிலும் உப்பளக் கிராமங்களிலும் ஒரு சாவு விழுந்தால் ஆண்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. சேதி காதில் விழுந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் சாமியானா ஏறிவிடும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிவிடும். ஒருவர் மூங்கிலுக்குப் போவார். ஒருவர் மேளத்துக்குச் சொல்லிவிடுவார். விறகு, எருமுட்டை, பூ, வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையில் எடுத்துக்கொள்வார். பாடை கட்டத் தெரிந்தவர் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். செத்தவரோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட வந்து தோள் கொடுப்பார்.

அதே மனிதர், அதே வீட்டில், எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எத்தனை ஆண்கள் உள்ளே வந்தார்கள்? வந்தவர்களும் திண்ணையோடு நின்றார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிள் பையையும் நீட்டினார்கள். “எப்படி இருக்கீங்க மாமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கூரையைப் பார்த்தார்கள். “எல்லாம் சரியாயிடும்” என்று அவருக்கும் தங்களுக்கும் தெரிந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். துணி மாற்றியது, புண் கழுவியது, கஞ்சி ஊட்டியது, ராத்திரி விழித்திருந்தது எல்லாம் மனைவி, மகள், மருமகள்.

இதை ஆண்களின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. சாவு வீட்டில் ஆணுக்கு என்ன வேலை என்று ஊர் வழக்கம் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. நோயாளி வீட்டில் ஆணுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. கைக்கு வேலை இல்லாத இடத்தில் அவன் கால் நிற்பதில்லை. கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களாக ஆண்களைச் சேர்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். கருணையைப் பற்றிப் பேசி அழைத்தால் வரமாட்டார்கள். வேலையைச் சொல்லி அழைத்தால் வருவார்கள்.

பெண் தலையில் ஒரு ஒன்றியம்

குணப்படுத்த முடியாத நோயிலும் வலியைக் குறைத்து, மூச்சுத்திணறலையும் புண்ணையும் பயத்தையும் கவனித்து, வீட்டாரையும் சேர்த்துத் தாங்குவதைத்தான் நோய் ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். ‘பேலியேட்டிவ்’ என்ற சொல் இப்போது நம் ஊர் நர்ஸ்களின் வாயிலும் சாதாரணமாகப் புழங்குகிறது. உலகில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, அது கிடைப்பது அவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

தமிழ்நாட்டில் இது மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வீட்டுக்கு வந்ததில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவு செவிலியர், ஒரு இயன்முறை மருத்துவர், அவர்கள் போய்வர ஒரு வாகனம் என்பது ஏற்பாடு. வீட்டுக்கு வீடு போகும் கள ஊழியரின் பெயர், பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்வாகி, சொற்ப ஊக்கத்தொகைக்கு இவர்கள் செய்யும் வேலையைக் குறைத்துப் பேச எவருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால், அரசே ஒரு நல்ல திட்டத்தைத் தீட்டும்போதும் பராமரிப்பு என்றால் பெண்தான் என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மரக்காணம் ஒன்றியத்தின் நிலப்பரப்பைத் தெரிந்தவர்களுக்கு ஒரு செவிலியர், ஒரு வண்டி என்றால் என்ன என்பது புரியும். கிழக்கே கடலோரக் குப்பங்கள். நடுவே 3,000 ஏக்கருக்கும் மேல் விரியும் உப்பளங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடியும் உப்பங்கழி. தெற்கே, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. கண்ணுக்கு எதிரே தெரியும் ஊருக்கு, தண்ணீரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். புற்றுநோய் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ ஓட்டம். அங்கே எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதை வாங்கிக் கொடுங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு வீடுதான் ஆஸ்பத்திரி. அந்த வீட்டுப் பெண்தான் நர்ஸ், ஆயா, வார்டு பாய் எல்லாம்.

அந்தப் பெண் யார்? பெரும்பாலும் அவளே அளத்துக்குப் போகிறவள். அல்லது தலையில் மீன்கூடையோடு பஸ் ஏறுகிறவள். புருஷன் படுத்த அன்றே ஒரு கூலி நின்றது. அவள் அவரைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்ததும் இன்னொரு கூலியும் நின்றது. ஆண்கள் வேண்டும் என்று கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், “தூக்கிப் புரட்டப் பலம் வேண்டும்” என்பது. இந்தக் கடற்கரையில் அதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். காலை முழுக்க ஈர உப்பைக் கூடை கூடையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறவளிடம் பலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆண்கள் வேண்டும் என்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

அவர் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

பக்கவாதத்தில் விழுந்த அறுபது வயதுக்காரர் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவி இல்லை; மகன் வெளியூரில்; மருமகள் பார்த்துக்கொள்கிறாள். அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மறுக்கிறார். டம்ளரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிடிவாதம் என்கிறார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். விஷயம் அதுவல்ல. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். வந்தால் மருமகள் வேட்டியை அவிழ்க்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து நாக்கு வறண்டு கிடக்கிறார். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலில் வயிற்றுவலி, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உளறல். வீட்டு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எந்தச் செவிலியரைக் கேட்டாலும் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சொல்வார். தெருக்கோடியில் இருக்கும் ஒரு ஆண் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் வந்துபோனால் இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது.

முகச்சவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்காக மண்டிய தாடியோடு கிடக்கும் மனிதருக்குத் தன் முகமே அந்நியமாகிவிடுகிறது. வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒற்றி, நுரை போட்டு, ஒட்டிப்போன கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, ரேசரை மெதுவாக இறக்க வேண்டும். பக்கவாதம் வந்த பக்கம் வாய் கோணியிருக்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் சவரம் செய்கிறவரும் செய்துகொள்கிறவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பேச்சு தானாக வரும். படகுக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி, வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்ட தம்பியை ஒரு தடவை பார்க்க முடியுமா, கொள்ளி யார் வைப்பது, மகளுக்கு எழுதி வைக்காமல் விட்ட அந்த ஐந்து சென்ட். இவற்றை மனைவியிடமும் சொல்லமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். “மனசு விட்டுப் பேசுங்க அப்பா” என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் ஒரு வார்த்தை வராது.

புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். முரட்டுப் பலம் அதற்கு வேண்டாம், முறை தெரிந்தால் போதும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்துத் தன் பக்கமாக உருட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால், உடம்புக்கு அடியில் மடித்துப் போட்ட போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது; இழுத்தால் தோல் உரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படித் திருப்பவில்லை என்றால் புட்டத்துக்கு மேலே முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு எலும்பு தெரியும். வலையை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பழகியவர்களுக்கு, நாலு முனையையும் ஒரே நேரத்தில் தூக்குவது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை.

புண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய்ப் புற்றுநோய் வெளியே உடைத்துக்கொண்டால் அதன் நாற்றம் தெருவையே விலக்கிவைத்துவிடும். சொந்த அண்ணன் தம்பிகளே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்புவார்கள். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் அந்த நாற்றம் பெருமளவு அடங்கும். செவிலியர் ஒரு தடவை செய்து காட்டினால் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொடுக்கும் மண்ணில் இது பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

கேரளம் எப்படிச் சேர்த்தது

ஆண்கள் வருவார்களா என்ற சந்தேகத்துக்குப் பக்கத்து மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் உள்ளிட்டோர் வலி மற்றும் நோய் ஆதரவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்தது. மலப்புறம் மாவட்டத்தை மையமாக வைத்து, அக்கம்பக்கத்தாரே பொறுப்பேற்கும் ஒரு வலையமைப்பு உருவானது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிகிற யாரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, மேற்பார்வையோடு 4 நாள் களப்பயிற்சி. அவ்வளவுதான் நுழைவுச்சீட்டு. 2008-இல் கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துகள் செவிலியர்களை அமர்த்தின.

அங்கே ஆண்கள் ஏராளமாக வந்தார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். மலையாளி ஆணுக்கு இளகிய மனசு என்பதல்ல காரணம். கட்சி, பள்ளிவாசல், வாசகசாலை, கால்பந்து கிளப் என்று ஆண்கள் ஏற்கெனவே கூடும் இடங்களில் போய்க் கேட்டார்கள். கட்சிகளே போட்டி போட்டுக்கொண்டு பேலியேட்டிவ் வேலையில் இறங்கின. ‘அவர்கள் செய்கிறார்கள், நாம் செய்யாமல் விடுவதா’ என்ற வீம்பும் நல்ல காரியத்துக்குப் பயன்படும் என்பதைக் கேரளம் காட்டியது. நம்மிடம் அந்த வீம்புக்குப் பஞ்சமா என்ன?

சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் மேலை நாட்டு ஹாஸ்பிஸ்களில் கதை வேறு. சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்ததிலிருந்து இன்றுவரை அங்கே தன்னார்வலர்களில் பெரும்பகுதி பெண்கள்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அங்கோலா என்ற பெரிய சிறை. அங்கே இருக்கும் கைதிகளில் பெரும்பாலோர் உயிரோடு வெளியே வரப்போவதில்லை. 1998-இல் அந்தச் சிறைக்குள் ஒரு ஹாஸ்பிஸ் தொடங்கியது. சாகும் கைதியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கடைசி நாட்களில் முறைவைத்து இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் சக கைதிகள். கொலைக்குற்றவாளிகளும் அதில் உண்டு. சவப்பெட்டியையும் அவர்களே செய்கிறார்கள். பராமரிக்கும் குணம் பிறப்பிலேயே பெண்ணுக்கு எழுதப்பட்டது என்று வாதிடுகிறவர்கள் அங்கோலாவுக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். பெண்களே இல்லாத இடத்தில் அந்த வேலையை ஆண்கள் செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள்.

நம் ஊரிலும் சான்று இல்லாமல் இல்லை. கொரோனா நாட்களில் சொந்தங்களே தொட அஞ்சிய உடல்களைக் கவச உடையோடு வந்து அடக்கம் செய்தவர்கள் தன்னார்வ இளைஞர்கள்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. அப்போது முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் தூக்கி வந்தவர்கள் யார்? அந்தந்தத் தெருப் பையன்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்த முதியவர்கள் அதே கட்டிலுக்குத் திரும்பினார்கள். பையன்கள் திரும்பி வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சங்கடமான கேள்விகள்

சாவு வீட்டை முன்மாதிரியாகச் சொல்லிவிட்டேன். அதில் ஒரு கசப்பு இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. மேளம் அடிப்பதும் குழி வெட்டுவதும் வெட்டியான் வேலையும் யார் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். நோயாளியின் மலஜலம் அள்ளும் வேலைக்கு ஆண்கள் வேண்டும் என்று அறிவித்தால், ‘அதுக்குத்தான் அவங்க இருக்காங்களே’ என்று விரலை நீட்ட ஆள் இருக்கிறது. 2013 ஏப்ரலில் மரக்காணம் சாலையில் சாதி வன்முறையில் குடிசைகள் எரிந்ததை இந்தப் பகுதி இன்னும் மறந்துவிடவில்லை. தன்னார்வலர் குழு தொடங்கும் முதல் நாளே விதி எழுதப்பட வேண்டும்: ஜோடி ஜோடியாகப் போக வேண்டும், ஜோடி ஒரே தெருவைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது, வீடுகளைச் செவிலியர்தான் பிரித்துத் தருவார். ‘எங்க வீட்டுக்கு அவன் வர வேண்டாம்’ என்று சொல்லும் வீடுகள் இருக்கும். அங்கே வாதாட வேண்டாம்; செவிலியர் மட்டும் போகட்டும். நாற்றமடிக்கும் புண்ணோடு கிடக்கும்போது, கழுவ வருகிற கை யாருடையது என்று எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாவது, குடி. எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இந்தக் கரையில் ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் வந்தது. ஆண் இங்கே கும்பலாகச் செத்தால் அரசு வரும். ஒருவன் ஆறு மாதம் ஈரல் கெட்டு வயிறு வீங்கிச் செத்தால் யாரும் வருவதில்லை. உடம்பு வலிக்குச் சாராயம்தான் மருந்து என்று நம்பி வளர்ந்த ஆண்களிடம் வலி மருந்தைப் பற்றிப் பேச இன்னொரு ஆணால்தான் முடியும் என்பது என் கணிப்பு. அதே சமயம், குடித்துவிட்டு நோயாளி வீட்டுப் படி ஏறுகிறவருக்கு அன்றோடு சரி. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்குள் வெளியாண்களை அனுப்புகிறோம் என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது. அடையாள அட்டை, ஜோடியாக மட்டும் செல்வது, வீட்டார் ஒருவராவது உடன் இருப்பது, பெண் நோயாளிகளின் உடல் பராமரிப்பு முழுக்கப் பெண் தன்னார்வலர்களுக்கு என்பதில் தளர்வே கூடாது. பெண் நோயாளி வீட்டில் ஆண் தன்னார்வலருக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. ஜிப்மரில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பது, முதியோர் உதவித்தொகை மனுவைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய் அலைவது, வாட்டர் பெட் கொண்டுவந்து நிரப்பிக் கொடுப்பது எல்லாம் இருக்கின்றன.

கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, அபினை அரசு அனுமதியோடு விளைவிக்கும் இந்த நாட்டில் மார்ஃபின் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2014 சட்டத்திருத்தம் வழியைக் கொஞ்சம் திறந்தது. மார்ஃபினைக் கொடுப்பது தன்னார்வலர் வேலையல்ல. ஆனால், எங்கே கிடைக்கும், எப்போது தீரும் என்று நினைவில் வைத்து, தீருவதற்கு முன்பே போய் வாங்கி வருவதற்கு ஒரு ஆள் இருந்தால் ஒரு வீடு தூங்கும்.

மூன்றாவது, என்னை அதிகம் பயமுறுத்துவது. நம் ஆண்கள் எதில் சேர்ந்தாலும் ஒரே மாதத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிவிடுவார்கள். ஃபிளெக்ஸ் வந்துவிடும், சால்வை வந்துவிடும், படுத்திருக்கும் நோயாளிக்கு ரொட்டி கொடுப்பதுபோல் போட்டோ வந்துவிடும். துணி அலசுவது மறுபடியும் பெண்கள் பக்கம் போய்ச் சேரும். அப்படி ஒரு சங்கம் இல்லாமலிருப்பதே மேல். முதல் ஆறு மாதம் பதவி கிடையாது, போட்டோ கிடையாது, சால்வை போர்த்தினால் வீட்டுக்குப் போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இப்போதிருக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான் ஆண் தன்னார்வலர்களுக்கு மேற்பார்வையாளர் என்று வைத்துவிட்டால் பாதி ஆசாமிகள் அங்கேயே கழன்றுகொள்வார்கள். மிச்சம் பாதியைத்தான் நாம் தேடுகிறோம்.

மழைக்காலம் நல்ல காலம்

உப்பளம் ஐப்பசி மழையோடு மூடும். பாத்திகள் நிறைந்து, அம்பாரங்களுக்குத் தார்ப்பாயும் கீற்றும் போட்டு மூடிய பிறகு தை வரை அங்கே வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்துக்குத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பருவம் அது. நோயாளிகளுக்கோ அதுதான் கஷ்டமான பருவம்: மண்தரை ஈரம், காயாத துணி, மூச்சிரைப்பு, உடைந்த சாலை, வராத வண்டி. வேலை தேடும் கைகளும் கைகளைத் தேடும் வேலையும் ஒரே மூன்று மாதத்தில் ஒரே ஊரில் இருக்கின்றன.

அக்டோபர் 2 அன்று கிராமசபை. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சை நாள். நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராமசபை. முதல் கிராமசபையில் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று செவிலியர் எண்ணிக்கையை மட்டும் சொல்லட்டும், பெயர் வேண்டாம். நடுவே உள்ள நான்கு வாரத்தில் 16 மணி நேர வகுப்பை முடித்துவிடலாம். வகுப்பு நடக்க வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையமல்ல. சங்கக் கட்டடம், மீன் ஏலக்கூடம், கபடித் திடல் பக்கத்து மண்டபம் போல ஆண்கள் கூச்சமில்லாமல் உட்காரும் இடம். இரண்டாவது கிராமசபைக்கு அவர்கள் ஜோடியாகப் பிரிந்திருப்பார்கள்.

மீனவர்களுக்குக் காலண்டர் வேறு. விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஃபைபர் படகுக்காரர்கள் காற்றைப் பார்த்து இறங்குகிறவர்கள், விடியற்காலை போனால் முற்பகலில் கரையில் இருப்பார்கள். உப்பளத்துக்காரர்கள் பாத்தியில் வெந்துகொண்டிருக்கும் கோடையில் குப்பத்து ஆண்கள் கைகொடுக்கலாம். இரண்டு சமூகங்களும் ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று அதிகம் போய்ப் பழகியவை அல்ல. போகட்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘தன்னார்வலர்கள் தேவை’ என்று நோட்டீஸ் ஒட்டினால் ஒருவர்கூட வரமாட்டார். பேர் சொல்லிக் கேட்க வேண்டும். “சேகர் அண்ணே, வியாழக்கிழமை பத்து மணிக்கு நீங்களும் நானும் போய்ப் பெரியப்பாவைக் குளிப்பாட்டிட்டு வந்திடலாம்” என்று கேட்டால், முடியாது என்று சொல்ல அவருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். முதலில் கேட்க வேண்டியவர்கள், சமீபத்தில் இதே போல அப்பாவையோ அண்ணனையோ பறிகொடுத்தவர்கள். கருமாதி முடிந்த சூட்டிலேயே வேண்டாம். ஒரு வருடத் திதி கழியட்டும். வாட்டர் பெட் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் தாங்கள் திண்ணையோடு நின்றதும் தெரியும்.

பெட்ரோலுக்கு யார் காசு தருவது என்ற கேள்வி கடைசியில் வரும், அதில்தான் நல்ல திட்டங்கள் பல படுத்துவிடுகின்றன. வாரம் இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்பது என் கருத்து. முழு நாளும் உழைக்கும் பெண் தன்னார்வலரின் தொகையை உயர்த்திவிட்டு மற்றதைப் பேசலாம். ஆனால், கூலிக்காரர் தன் பைக்குக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜிப்மர் போய்வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கையுறை, பஞ்சு, டயப்பர் என்று வேறு செலவுகளும் உண்டு. கேரளத்தில் இது கடைக் கல்லாவில் வைத்த உண்டியலிலும் சில்லறை நன்கொடைகளிலும் ஓடியது. நம் குப்பங்களில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பிரிப்பது காலங்காலமாக நடக்கிறது. கணக்கும் பைசா சுத்தமாக ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. அந்த வரியில் வீட்டுக்குப் பத்து ரூபாய் கூட்டி, தனிக் கணக்காக வைத்து, செவிலியர் கையெழுத்திட்டால் மட்டும் எடுக்கலாம் என்று பஞ்சாயத்தார் ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஆடித் திருவிழாவுக்கு வரி பேச எப்படியும் கூடத்தான் போகிறார்கள்.